சதுரத்துக்கு வெளியே நிற்பவர்கள்

2024 நவம்பரில், நியூயார்க்கின் சாதபீஸ் ஏல நிறுவனத்தில் ஒரு வாழைப்பழம் 62 லட்சம் டாலருக்கு விலைபோனது. சுவரில் டேப் போட்டு ஒட்டிய ஒற்றைப் பழம். இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலான் 2019இல் ‘காமெடியன்’ என்ற பெயரில் முன்வைத்த படைப்பு அது. ஏலத்தில் எடுத்த கிரிப்டோ தொழிலதிபர் ஹாங்காங்கில் செய்தியாளர்களைக் கூட்டி, அவர்கள் கண்ணெதிரே பழத்தை உரித்துத் தின்றார். ‘இதெல்லாம் ஒரு கலையா?’ என்ற கேள்வி உலகமெங்கும் எழுந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது.

அந்தப் பழம், ஏல நிறுவனத்துக்குப் பக்கத்தில் இருந்த நடைபாதைக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கப்பட்டது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர். எழுபது வயதைத் தாண்டியவர். மணிக்கு 12 டாலர் கூலிக்கு அந்தக் கடையில் நின்றவர். ஏலத்தொகையை ஒரு பத்திரிகையாளர் அவரிடம் சொன்னபோது அழுதுவிட்டார்.

‘இது கலையா?’ என்று நாம் எவ்வளவு கேட்டாலும் அந்தக் கேள்வி அவரிடம் போய்ச்சேராது. இதைக் கலை என்று அறிவிப்பவர் யார், பணம் கொடுப்பவர் யார், அதற்கான விலையை உண்மையில் சுமப்பவர் யார் என்று கேட்டால்தான் அவர் நம் கண்ணில் படுவார். கலை உலகம் தன்னைப் பார்த்துக் கேட்கத் தயங்கிய இந்தக் கேள்விகளை அங்கத சினிமா கேட்டிருக்கிறது. அதனால் அந்தப் படங்களைச் சிரித்துவிட்டுப் போகும் சரக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

விலை எதற்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 62 லட்சம் டாலர் கொடுத்தவருக்கு முக்கியமாகக் கிடைத்தது ஒரு சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும்தான். பழம் அழுகினால் வேறொன்றை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். பொருள் மாறலாம், யோசனைதான் படைப்பு என்பதே இந்த வகைக் கலையின் அடிப்படை.

இதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1917இல் நியூயார்க்கில், 6 டாலர் கட்டணம் கட்டும் எவருடைய படைப்பையும் தேர்வுக்குழு இல்லாமல் காட்சிக்கு வைப்போம் என்று ஒரு கலைஞர் சங்கம் அறிவித்தது. மார்செல் துஷாம்ப் கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்க் கோப்பை ஒன்றில் ‘ஆர். மட்’ என்று பொய்ப்பெயரில் கையெழுத்துப் போட்டு, ‘நீரூற்று’ என்ற தலைப்பில் அனுப்பினார். எதையும் ஏற்போம் என்ற சங்கம் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டது.

கடைச் சரக்கும் கலையாகும் என்பதை மட்டுமே இந்தச் சம்பவத்திலிருந்து பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே சோதனைக்கு உள்ளானது ஒரு நிறுவனம் கொடுத்த வாக்குறுதி. எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது என்றவர்கள், ஒருவர் உண்மையிலேயே கதவைத் தட்டியதும் என்ன செய்தார்கள்? நவீனக் கலையைப் பற்றிய நல்ல அங்கதப் படங்கள் எல்லாம் இந்த இடத்தைத்தான் தொடுகின்றன.

ஒரு சதுரமும் ஒரு சிறுவனும்

2017இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது ‘தி ஸ்கொயர்’. ஸ்வீடன் இயக்குநர் ரூபன் ஓஸ்ட்லுண்டின் படம். ஸ்வீடனில் முடியாட்சி முடிந்துவிட்டதாகவும், ஸ்டாக்ஹோம் அரண்மனை நவீனக் கலைக்கூடமாகிவிட்டதாகவும் படம் கற்பனை செய்கிறது. அதன் தலைமைப் பொறுப்பாளர் கிறிஸ்டியன்: படித்தவர், நாகரிகமானவர், முற்போக்காகப் பேசுபவர். டேனிஷ் நடிகர் கிளாஸ் பாங் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார்.

கலைக்கூடத்தின் புதிய படைப்பு, முற்றத்துக் கல்தரையில் ஒளிக்கோட்டால் வரையப்பட்ட நான்கு மீட்டர் சதுரம். அதற்குள் நிற்கும் எவருக்கும் சம உரிமை, சம கடமை. உள்ளே நின்று ஒருவர் உதவி கேட்டால் அந்த வழியே போகிறவர் உதவியே ஆக வேண்டும். படத்துக்காக மட்டும் உருவான யோசனை அல்ல இது. 2014இல் ஸ்வீடனின் வேர்னமோ நகரில் உள்ள வண்டலோரும் கலைக்கூடத்தில், ஓஸ்ட்லுண்டும் தயாரிப்பாளர் கல்லே போமனும் இப்படி ஒரு சதுரத்தை உண்மையாகவே வைத்தார்கள்.

இதற்குப் பின்னால் இருந்த ஒரு நினைவை இயக்குநர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1950களில் அவருடைய அப்பா ஆறு வயதுச் சிறுவன். வீட்டு முகவரி எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி, ஸ்டாக்ஹோம் தெருவில் விளையாட அனுப்பிவிடுவார்களாம். பிள்ளை வழி தவறினால் ஊரார் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. அந்த நம்பிக்கை எங்கே போனது என்பதே சதுரத்தின் கேள்வி. அதை உருவாக்கியவர் அதைக் கேலிப்பொருளாக நினைக்கவில்லை, நம்பினார். படத்தின் கூர்மை அங்கிருந்து வருகிறது.

படத்தில் நடப்பது இது. தெருவில் ஒரு நாடகம் ஆடி, கிறிஸ்டியனின் கைப்பேசியையும் பணப்பையையும் திருடிவிடுகிறார்கள். கைப்பேசி எங்கே இருக்கிறது என்று தேடியதில் நகரின் ஏழைகள் வாழும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் காட்டப்படுகிறது. எந்த வீடு என்று தெரியாது. அதனால், திருடனே என்று விளித்து மிரட்டல் கடிதம் எழுதி, அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாகப் போட்டுவிட்டு வருகிறார். பொருள் திரும்பிவிடுகிறது.

கூடவே ஒரு சிறுவனும் வந்து நிற்கிறான். கடிதத்தைப் படித்த பெற்றோர் அவனையே திருடன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். “எங்க வீட்டில வந்து மன்னிப்புக் கேளுங்க” என்பதுதான் அவன் கேட்பது. கிறிஸ்டியனின் வீட்டுப் படிக்கட்டில் நின்று விடாமல் கத்துகிறான். வாக்குவாதம் முற்றி, கிறிஸ்டியனின் கை பட்டுச் சிறுவன் படிகளில் விழுகிறான். பிறகு அந்த மாடிப்படி இருட்டிலிருந்து உதவி கேட்கும் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. சதுரத்துக்குள் எழுந்திருந்தால் எவரும் ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டிய குரல்.

கடைசியில் கிறிஸ்டியன் கைப்பேசியில் ஒரு மன்னிப்புக் காணொளி பதிவுசெய்கிறார். தன் தவறைச் சொல்லித்தான் தொடங்குகிறார். ஒரு நிமிடத்துக்குள் பேச்சு சமூகக் கட்டமைப்பு, சொத்துப் பங்கீடு, தனிமனிதரால் மட்டும் தீர்க்க முடியாத சிக்கல்கள் என்று நழுவிப்போகிறது. சொல்வதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் சிறுவன் கேட்ட மன்னிப்பு அந்த உண்மைகளுக்கு அடியில் காணாமல் போய்விடுகிறது. கலைக்கூடச் சுவர்களில் நாம் படிக்கும் நீளமான விளக்க உரைகளின் மொழியை இவ்வளவு துல்லியமாக வேறு எந்தப் படமும் பிடித்ததில்லை என்பேன்.

கூட்டிப் பெருக்கப்பட்ட கலை

அதே கலைக்கூடத்தில் இன்னொரு படைப்பு: தரையில் வரிசையாகக் குவிக்கப்பட்ட சரளைக் குவியல்கள். பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருநாள் தரை துடைக்கும் இயந்திரம் சில குவியல்களை வாரிக்கொண்டு போய்விடுகிறது. பணியாளர் பதறுகிறார். காப்பீட்டு நிறுவனம் வரை விஷயம் போகக் கூடாது. புகைப்படத்தைப் பார்த்து, அதே சரளையை நாமே மறுபடி குவித்துவிடலாம் என்று கிறிஸ்டியன் சமாளிக்கிறார். கலைஞரின் கைபட்டதும் துப்புரவு இயந்திரம் உமிழ்ந்ததும் ஒன்றாகிவிடும் அந்தக் காட்சியில் அரங்கம் சிரிக்கும்.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. 2015இல் இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில், காலி ஷாம்பெயின் பாட்டில்களும் சிகரெட் துண்டுகளும் வண்ணத்தாள்களும் சிதறிக் கிடந்த ஒரு படைப்பை, முந்தைய இரவு விருந்தின் குப்பை என்று நினைத்துத் துப்புரவுப் பணியாளர்கள் பைகளில் கட்டிவிட்டார்கள். 2011இல் ஜெர்மனியின் டோர்ட்முண்டில், மார்ட்டின் கிப்பன்பெர்கரின் படைப்பில் இருந்த சுண்ணக் கறையை ஒரு பணியாளர் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டார். அதன் காப்பீட்டு மதிப்பு 8 லட்சம் யூரோ.

இந்தச் செய்திகள் வேடிக்கையாகவே வெளியாகின்றன. சிரிப்பு ஒன்று பணியாளர் மீது விழும், அல்லது கலைஞர் மீது விழும். தினமும் அந்தத் தரையில் வேலை செய்பவருக்கு அங்கே என்ன வைத்திருக்கிறார்கள், ஏன் வைத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பேசும் வழக்கம் இருக்கிறதா என்று செய்தி கேட்பதில்லை. கட்டணம் கட்டி வருகிற பார்வையாளருக்கு ஒலிவழிகாட்டி உண்டு. சம்பளம் வாங்குகிற துடைப்பக்காரருக்கு?

மேசை மேல் ஏறிய குரங்கு

‘தி ஸ்கொயர்’ படத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது விருந்துக் காட்சி. கலைக்கூடத்துக்கு நன்கொடை தரும் பணக்காரர்கள் மாலை உடையில் அமர்ந்திருக்கிறார்கள். மேல்சட்டை இல்லாமல், கைகளில் ஊன்றுகோல் பொருத்திய ஒருவர் குரங்குபோல நடந்து வருகிறார். பயத்தைக் காட்டாதீர்கள், அசையாமல் இருந்தால் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளலாம் என்று ஒலிபெருக்கி எச்சரிக்கிறது. முதலில் சிரிக்கிறார்கள். அவர் ஒருவரை விடாமல் சீண்டி அறையை விட்டு விரட்டியதும் சிரிப்பு நிற்கிறது. மேசை மேல் ஏறி ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போகும்போது, அறையில் உள்ள அத்தனை பேரும் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதியவர் ஒருவர் எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வருகிறது. வந்ததும் அவர்களும் அடித்து நொறுக்கும் கும்பலாகிவிடுகிறார்கள்.

குரங்காக நடித்த டெர்ரி நோட்டரி, ஹாலிவுட்டின் ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படங்களில் குரங்கசைவுகளுக்கு உழைத்தவர். இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு நிஜ நிகழ்வும் உண்டு. 1996இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு கண்காட்சியில் ரஷ்யக் கலைஞர் ஒலெக் குலிக் சங்கிலியில் கட்டப்பட்ட நாயாக இருந்தார். நெருங்கி வந்தவர்களைக் கடித்தார். போலீஸ் வர நேர்ந்தது.

கலைக்கு எல்லை உண்டா என்பதற்கு இந்தக் காட்சி தரும் பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. குரங்காக வந்தவர் எல்லை தாண்டினார், உண்மை. ஆனால் இது கலைதானே என்ற சமாதானத்தை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே ஒரு பெண் தாக்கப்படுவதை வேடிக்கை பார்த்த நூற்றுக்கணக்கானோர் அதைவிடத் தொலைவு போனார்கள். கலை என்ற பெயர்ப்பலகை ஒருவருடைய வலியைப் பார்க்க முடியாமல் மறைக்கும் இடம் எதுவோ, அதுவே எல்லை.

எளிய சிரிப்பு, கடினமான சிரிப்பு

எல்லா அங்கதமும் இந்த ஆழத்துக்குப் போவதில்லை. 1961இல் வந்த ‘தி ரெபெல்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவையில், படம் வரையத் தெரியாத லண்டன் குமாஸ்தா ஒருவர் பாரிசுக்குப் போய், குழந்தைத்தனமான ஓவியப் பாணியின் மேதையாகக் கொண்டாடப்படுகிறார். ரசிக்கலாம். பணக்காரர்களும் விமர்சகர்களும் முட்டாள்கள், நாம் புத்திசாலிகள் என்ற திருப்தியோடு வெளியே வருவோம். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான டான் கில்ராயின் ‘வெல்வெட் பஸ்ஸா’வில் ஓர் அருமையான காட்சி இருக்கிறது: ஒரு கலைப்படைப்பால் இரவில் ஒரு பெண் இறந்துவிடுகிறார், காலையில் வரும் பார்வையாளர்களும் பள்ளிக் குழந்தைகளும் அந்த ரத்தத்தையும் படைப்பின் பகுதியாகவே பார்க்கிறார்கள். ஆனால் பேராசைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாவதிலேயே படம் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

அர்ஜென்டினாவின் ‘எல் ஆர்டிஸ்டா’ (2008) வேறு ரகம். மரியானோ கோன், கஸ்டோன் துப்ராத் இருவரும் இயக்கியது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஆண் செவிலியர் ஒருவர், பேச்சற்றுப்போன ஒரு முதியவர் வரைந்து தள்ளும் படங்களைத் தன் பெயரில் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார். புகழ் கூடுகிறது. இயக்குநர்கள் எடுத்த ஒரு முடிவு படத்தை உயர்த்திவிடுகிறது: அந்த ஓவியங்கள் நமக்குக் காட்டப்படுவதே இல்லை. அவற்றைப் பார்ப்பவர்களின் முகங்கள்தான் தெரிகின்றன. நல்ல ஓவியமா, கிறுக்கலா என்று தீர்ப்புச் சொல்லும் வசதியை நம்மிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். உழைத்த கை யாருடையது, பெயர் யாருக்குப் போனது என்பது மட்டுமே நம்மிடம் மிஞ்சுகிறது.

துனிசிய இயக்குநர் கவுத்தர் பென் ஹனியாவின் ‘தி மேன் ஹூ சோல்ட் ஹிஸ் ஸ்கின்’ (2020) இன்னும் கடுமையானது. சிரியாவிலிருந்து லெபனானுக்குத் தப்பி வந்த அகதி ஒருவரின் முதுகில், பெயர்பெற்ற கலைஞர் ஒருவர் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவைப் பச்சை குத்துகிறார். மனிதராக எல்லை கடக்க முடியாதவர், கலைப்பொருளாகக் கடந்துவிடுகிறார்! மிகைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பெல்ஜியக் கலைஞர் விம் டெல்வோய் ஒருவரின் முதுகில் பச்சை குத்திய படைப்பு, 2008இல் 1.5 லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. பச்சை குத்தப்பட்டவர் இறந்த பிறகு அந்தத் தோல் வாங்கியவருக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். படம் பிறந்ததே அந்தப் படைப்பிலிருந்துதான்.

கேலிக்கும் ஓர் எல்லை

நவீனக் கலையைக் கேலிசெய்வது எப்போதும் மக்கள் பக்கம் நிற்பதாகிவிடாது. 1937இல் மியூனிக் நகரில் நாஜி அரசு ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தியது. அருங்காட்சியகங்களிலிருந்து பறித்துவந்த நவீன ஓவியங்களைக் கோணலாக, நெருக்கியடித்து மாட்டினார்கள். சுவரெங்கும் ஏளன வாசகங்கள். உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் இதற்கு இவ்வளவு கொடுத்தார்கள் என்று விலையையும் எழுதி வைத்தார்கள். சுமார் 20 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். ஓவியர்கள் வேலை இழந்தார்கள், வரையத் தடை விதிக்கப்பட்டது, பலர் நாட்டை விட்டு ஓடினார்கள்.

‘இதெல்லாம் கலையா, அதுவும் நம் பணத்தில்?’ என்ற வாக்கியத்துக்கு இப்படி ஒரு கடந்தகாலம் இருப்பதை மறந்துவிடக் கூடாது. ஓஸ்ட்லுண்டின் எள்ளலும் அந்தச் சுவர்வாசகங்களும் ஒன்றல்ல. ஓஸ்ட்லுண்டு பணம், பதவி, நிறுவனம் இவற்றைப் பார்த்துச் சிரிக்கிறார். நாஜிகள், எதையும் முயன்று பார்க்கும் கலைஞரின் சுதந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். எந்தச் சிரிப்பில் நாம் சேருகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடியவை

ஏலச் செய்தியை வெளியிடும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் தொகையோடு நிறுத்திவிடக் கூடாது. என்ன விற்கப்பட்டது, பொருளா சான்றிதழா, விற்றவர் யார், கலைஞருக்கு அதில் பங்கு உண்டா என்று நான்கு வரி சேர்த்தால் போதும். மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் தேசியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. இந்தியாவில் இருக்கிறது: பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியம், சிற்பம் போன்றவற்றில் படைத்தவருக்கு 10 சதவீதம் வரை பங்கு கோர உரிமை உண்டு. கலைக்கூடங்கள் விற்பனை ரசீதிலேயே இந்த உரிமையை அச்சிட வேண்டும். இளம் ஓவியர்களுக்கு அது தெரியவேண்டியது அவசரம்.

அருங்காட்சியகங்களும் கண்காட்சி நடத்துவோரும் விளக்க அட்டைகளைப் பத்தாம் வகுப்பு மாணவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதட்டும். 2012 முதல் நடக்கும் கொச்சி முசிறிஸ் கலை விழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். அங்கே மலையாளத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் ஒரு சிறு கையேடு கிடைத்தால் எத்தனையோ பேர் தயக்கமில்லாமல் உள்ளே நிற்பார்கள். ஒவ்வொரு கண்காட்சியும் திறக்கும் முன்பு காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் கலைஞரே சுற்றிக்காட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கும் ஊதியம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நிகழ்த்துக் கலை என்றால், பார்வையாளர் மீது கை வைக்கப்படும் நிலை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளும் ஊர்தோறும் உள்ள திரைப்படச் சங்கங்களும் கைகோத்தால், ‘எல் ஆர்டிஸ்டா’வையும் ‘தி ஸ்கொயர்’ படத்தையும் தமிழ் வசன வரிகளோடு திரையிடலாம். மறுநாள் மாணவர்கள் தங்கள் படைப்புகளுக்கு எழுதிய விளக்கத்தை, கலைப் படிப்பு படிக்காத பத்துப் பேர் முன்னால் வாசித்துக்காட்டி, அவர்களுக்குப் புரியாத வரிகளை அங்கேயே அடித்துத் திருத்தி எழுதலாம்.